பணமில்லாப் பணப்பை: மறைநாணயத்தின் சாவியை யார் வைத்திருப்பது?

மின்னிலக்க உலகம் நம் அன்றாடப் பேச்சுக்குள் புதுச்சொற்களை நாள்தோறும் கொண்டுவந்து சேர்க்கிறது. அவற்றுள் சில பொருளைத் துலக்கிக் காட்டுகின்றன. சில பொருளை மறைத்துவிடுகின்றன. கிரிப்டோ என்று பலரும் வழங்கும் மறைநாணயத்தோடு ஒட்டிவந்த 'வாலட்' என்னும் சொல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதனை நாம் 'பணப்பை' எனத் தமிழாக்கிக்கொண்டோம். மொழிபெயர்ப்பில் குறையில்லை, குறை மூலச்சொல்லிலேயே இருக்கிறது. அந்தப் பைக்குள் பணம் கிடையாது.

இதனை வெறும் சொல்லாராய்ச்சியாகக் கருதிவிடலாகாது. தவறான படம் மனத்தில் பதிந்தவர், எதைப் பாதுகாக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறொன்றைப் பாதுகாக்கிறார். செயலியைக் காக்கிறார், சாவியைத் தொலைக்கிறார். கைத்தொலைபேசியைப் பூட்டிவைக்கிறார், முன்பின் அறியாத ஒருவர் கேட்டதும் மீட்புச் சொற்களை அனுப்பிவிடுகிறார். வங்கிக் கணக்கில் நேரும் பிழைகள் பலவற்றைத் திருத்திக்கொள்ள வழியுண்டு. மறைநாணயத்தில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவற்றுக்கு அந்த வழி இல்லை.

மறைநாணயத்தை வாங்கலாமா, விடலாமா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அதன் விலை கடுமையாக ஏறி இறங்கக்கூடியது. சிங்கப்பூர் நாணய ஆணையம் அது பொதுமக்களுக்கு ஏற்ற முதலீடன்று எனப் பலமுறை எச்சரித்துள்ளது. ஆயினும் நம் மாணவர்கள் அதனைப் பற்றிய விளம்பரங்களைத் தம் கைத்தொலைபேசியில் காண்கிறார்கள். அவர்களுடைய பெற்றோருள் சிலர் ஏற்கனவே வாங்கியும் வைத்திருக்கிறார்கள். வகுப்பறையில் கேள்வி எழும்போது ஆசிரியர் தெளிவான விடை கூற வேண்டியிருக்கிறது. 'எந்தப் பணப்பை நல்லது?' என்னும் அக்கேள்விக்கு விடை காணும் முறையையே இங்கு ஆராய்கிறோம்.

பைக்குள் இருப்பது என்ன?

பிட்காயினின் அமைப்பை விளக்கும் கட்டுரை 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளியாயிற்று. அதனை எழுதியவர் சத்தோஷி நகமோட்டோ என்னும் புனைபெயருக்குப் பின்னால் மறைந்துகொண்டார். 2009 ஜனவரி 3ஆம் நாளிட்ட முதற்பதிவோடு அந்நாணயம் இயங்கத் தொடங்கியது. அதன் அடித்தளம் ஒரு பொதுப் பேரேடு. எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எவ்வளவு சென்றது என்பதை அப்பேரேடு வரிசைப்படி பதிந்து வைக்கிறது. அதன் படிகள் உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன. எவரும் அதனைப் படிக்கலாம். பிளாக்செயின் எனப்படுவது இதுவே. நாம் 'நாணயம்' என்று சொல்வது அப்பேரேட்டில் உள்ள ஒரு பதிவு. அது நம் கைத்தொலைபேசிக்குள் ஒருபோதும் வந்து அமர்வதில்லை.

கண்ணாடியால் செய்த கோயில் உண்டியல் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதன் வாயில் யாரும் காசு போடலாம். உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை யாரும் வெளியிலிருந்து பார்க்கலாம். எடுக்க மட்டும் சாவி வேண்டும். பேரேட்டில் உள்ள முகவரி அந்த உண்டியல் போன்றது. அதற்குரிய தனிச்சாவி உண்மையில் ஒரு பேரெண். பதின்ம முறையில் எழுதினால் 78 இலக்கங்கள் வரை நீளக்கூடியது. தனிச்சாவியிலிருந்து முகவரியைக் கணித்துவிடலாம். முகவரியிலிருந்து தனிச்சாவியைக் கண்டுபிடிப்பது இன்றைய கணினிகளால் ஆகாத செயல். பணம் அனுப்புவோர் தனிச்சாவியைக் கொண்டு ஒரு மின்னிலக்கக் கையொப்பத்தை இடுகிறார். அக்கையொப்பம் பொருந்துகிறதா என்று மட்டுமே கணினிகள் சரிபார்க்கின்றன. கையொப்பமிட்டவர் யார் என்று அவை கேட்பதில்லை; அடையாள அட்டையையும் கேட்பதில்லை.

ஆகவே வாலட் எனப்படுவது சாவியை உருவாக்கிக் காத்து, வேண்டும்போது அதனால் கையொப்பமிடும் கருவி. நம் பாட்டிமார் முந்தானையில் முடிந்துவைத்த சாவிக்கொத்தோடு அதனை ஒப்பிடுவது பொருந்தும். அரிசியும் நகையும் அந்த முடிச்சுக்குள் இல்லை. ஆயினும் வீட்டின் ஆட்சி அந்த முடிச்சில்தான் இருந்தது. சாவிக்கொத்து தொலைந்தால் பொருள் உள்ளேயே இருக்கும், நமக்குக் கிட்டாது. சாவிக்கு ஒருவர் படியெடுத்துவிட்டால் கொத்து நம் இடுப்பிலேயே இருக்க, அறை வெறுமையாகிவிடும்.

வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரைச் சேர்ந்த ஒருவரின் கதை உலகறிந்தது. 2013ஆம் ஆண்டில் அவருடைய பழைய கணினியின் வன்தட்டு தவறுதலாகக் குப்பையோடு சென்றுவிட்டது. சுமார் 8,000 பிட்காயினுக்குரிய தனிச்சாவி அதில் இருந்தது. குப்பைமேட்டைத் தோண்ட நகர மன்றம் இசையவில்லை. அவர் தொடுத்த வழக்கை 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த நாணயங்கள் எங்கும் போய்விடவில்லை. பேரேட்டில் அப்படியே நிற்கின்றன. திறக்கும் எண்தான் மண்ணுக்கடியில் கிடக்கிறது.

இதனை விளங்கிக்கொண்டால், பணப்பைகளின் வகைகள் எத்தனை பெயரில் வந்தாலும் நம்மைக் குழப்பா. ஒவ்வொன்றிலும் நாம் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: சாவி யாரிடம் இருக்கிறது? அது இணையத்தைத் தொடுகிறதா?

சாவி பிறர் கையில்

முதல்வகை, பரிமாற்ற நிறுவனத்தில் நாம் திறக்கும் கணக்கு. நாணயத்தை வாங்கவும் விற்கவும் உதவும் நிறுவனமே சாவியையும் வைத்துக்கொள்கிறது. நம்மிடம் இருப்பது அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் நுழைவதற்கான மறைச்சொல் மட்டுமே. இதில் வசதி உண்டு. மறைச்சொல்லை மறந்தால் அடையாளத்தைக் காட்டி மீட்டுக்கொள்ளலாம். கைத்தொலைபேசி உடைந்தாலும் கணக்கு இருக்கும். தொடங்குவோருள் பெரும்பாலோர் இங்கிருந்தே தொடங்குகின்றனர்.

இதில் உள்ள இடர், திரையில் தெரியும் தொகை நிறுவனம் நமக்குத் தரும் வாக்குறுதி என்பதே. அவ்வாக்குறுதி காப்பாற்றப்படாத வரலாறுகள் உண்டு. தோக்கியோவில் இயங்கிய மவுண்ட் காக்ஸ் நிறுவனம் 2014 பிப்ரவரியில் வீழ்ந்தபோது ஏறத்தாழ 850,000 பிட்காயின் காணாமற்போனதாக அறிவித்தது. பின்னர் அவற்றுள் சுமார் 200,000 கண்டெடுக்கப்பட்டன. கடன்கொடுத்தோருக்கு நாணயமாகத் திருப்பித் தரும் பணி 2024 ஜூலையில்தான் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் பத்தாண்டுகள் காத்திருந்தனர்.

எஃப்டிஎக்ஸ் நிறுவனம் 2022 நவம்பர் 11ஆம் நாள் நொடித்துப்போனதாக விண்ணப்பித்தது. வாடிக்கையாளர் பணம், நிறுவனரின் மற்றொரு வணிக நிறுவனத்திற்குத் திருப்பிவிடப்பட்டிருந்தது. அதன் நிறுவனருக்கு 2024 மார்ச் மாதத்தில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்நிறுவனத்தில் பங்குதாரராக இருந்த சிங்கப்பூரின் தெமாசெக் 275 மில்லியன் அமெரிக்க டாலர் முதலீட்டை முழு இழப்பாக எழுதித் தள்ளியது. ஆய்ந்து முதலிடும் பெருநிறுவனத்தின் கண்ணுக்கே உள்நிலை புலப்படவில்லை என்றால், தனிமனிதர் வெளியிலிருந்து எதைக் காண முடியும்?

கனடாவின் குவாட்ரிகா நிறுவனத்தின் வரலாறு இன்னும் நுட்பமான பாடத்தைத் தருகிறது. அதன் தலைவர் 2018 டிசம்பரில் இந்தியாவில் இறந்தார். சாவிகள் அவர் ஒருவருக்கே தெரியும் என்று நிறுவனம் கூறியது. ஒருவரின் மறைவால் பெட்டகம் பூட்டிக்கொண்டது என்றே பலரும் நம்பினர். 2020ஆம் ஆண்டில் ஒன்டாரியோ மாநிலப் பங்கு ஆணையம் தன் விசாரணை முடிவை வெளியிட்டபோது, இழப்பின் பெரும்பகுதி அத்தலைவர் செய்த மோசடியால் விளைந்தது எனத் தெரியவந்தது. பூட்டிய பெட்டகமும் வெற்றுப் பெட்டகமும் வெளியே நிற்பவருக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன.

வங்கி வைப்போடு இதனை ஒப்பிடுவது பொருந்தாது. சிங்கப்பூரில் உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவர் வைத்திருக்கும் வைப்புத்தொகைக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. மலேசியாவில் அவ்வரம்பு 250,000 ரிங்கிட். இவ்விரண்டு காப்புறுதிகளும் மறைநாணயத்தைச் சாரா. எனினும் அரசுகள் வாளாவிருக்கவில்லை. சிங்கப்பூரில் பணம் செலுத்தும் சேவைகள் சட்டம் 2020 ஜனவரி 28 முதல் நடப்பில் உள்ளது. வாடிக்கையாளரின் உடைமையை நிறுவனங்கள் தம் உடைமையிலிருந்து பிரித்து அறக்கட்டளை முறையில் வைக்க வேண்டும் என 2023 ஜூலையில் நாணய ஆணையம் அறிவித்தது. மலேசியாவில் 2019 ஜனவரி 15 முதல் மின்னிலக்க நாணயங்கள் பங்குப் பத்திரச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டன. பரிமாற்ற நிறுவனங்கள் பங்குப் பத்திர ஆணையத்தில் பதிவுபெற வேண்டும். எனவே, சாவியைப் பிறரிடம் விடுவதென முடிவு செய்வோர் முதலில் செய்யத்தக்கது, அந்நிறுவனத்தின் பெயர் இவ்வாணையங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று தாமே அவ்வாணையங்களின் இணையத்தளத்திற்குச் சென்று பார்ப்பது. நிறுவனமே அனுப்பும் இணைப்பைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது அதற்கு ஈடாகாது.

சாவி நம் கையில்

இரண்டாம் வகையில் சாவியை நாமே வைத்துக்கொள்கிறோம். இதில் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று, கைத்தொலைபேசியிலோ கணினியிலோ இயங்கும் செயலி. சாவி அக்கருவிக்குள்ளேயே இருக்கும். கருவியோ எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருக்கும். சிறு தொகையை அடிக்கடி அனுப்புவோருக்கு இது எளிது, விலையும் இல்லை. ஆனால் நாம் பதிவிறக்கும் பிற செயலிகள், திறக்கும் இணைப்புகள், வருகை தரும் தளங்கள் அனைத்தும் அதே கருவியில் நடமாடுகின்றன. நாம் படியெடுத்து ஒட்டும் முகவரியை, இடையே புகுந்து வேறொரு முகவரியாக மாற்றிவிடும் தீநிரல்களும் உள்ளன. கடைக்குக் கொண்டுசெல்லும் பையில் ஒருநாள் செலவுக்கு வேண்டியதை மட்டும் வைப்பதுபோல், இச்செயலியிலும் இழந்தால் தாங்கக்கூடிய தொகையை மட்டுமே வைப்பது முறை.

மற்றொன்று, சாவியைக் காப்பதற்கென்றே செய்யப்பட்ட சிறு வன்பொருள் சாதனம். செக் நாட்டில் உருவான டிரெசர் 2014ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பிரான்சு நாட்டின் லெட்ஜரும் இவ்வகையில் பெயர்பெற்றது. இச்சாதனத்தில் சாவி வெளியே வருவதில்லை. கணினி அனுப்பவேண்டிய விவரத்தை உள்ளே தருகிறது. சாதனம் உள்ளுக்குள்ளேயே கையொப்பமிட்டு, கையொப்பத்தை மட்டும் வெளியே தருகிறது. கணினியில் தீநிரல் இருந்தாலும் அது சாவியைக் காண இயலாது. சாதனத்தின் சிறு திரையில் தோன்றும் முகவரியையும் தொகையையும் நாம் படித்துப் பொத்தானை அழுத்திய பிறகே கையொப்பம் நிகழும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிறு திரையைப் படிக்காமலே பொத்தானை அழுத்துவோருக்கு இச்சாதனத்தால் முழுப்பயன் இல்லை. மேலும், பயன்படுத்தப்பட்ட சாதனத்தையோ இடைத்தரகர் விற்பதையோ வாங்குவது தவறு. மீட்புச் சொற்கள் முன்கூட்டியே அச்சிடப்பட்டு வரும் சாதனம் என்றால், சாவியின் படி ஏற்கனவே வேறொருவரிடம் இருக்கிறது என்பது பொருள். சொற்களைச் சாதனம் நம் கண்முன்னே புதிதாக உருவாக்க வேண்டும்.

பன்னிரண்டு சொற்கள்

சாதனம் உடைந்தால் என்ன ஆகும் என்னும் ஐயம் இயல்பானது. அதற்கு விடையாக அமைந்ததே மீட்புச் சொற்றொடர். 78 இலக்கப் பேரெண்ணை மனிதர் பிழையின்றி எழுதிவைப்பது கடினம். ஆகவே, 2013ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்ட ஒரு பொது முறைப்படி, 2,048 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்கள் தற்செயலாகத் தேர்ந்து தரப்படுகின்றன. அச்சொற்களிலிருந்து சாவிகள் அனைத்தையும் மறுபடியும் கணித்துவிடலாம். சாதனத்தை இழந்தவர் புதியது ஒன்றை வாங்கி, அதே சொற்களை அதே வரிசையில் உள்ளிட்டால் போதும்.

இதன் மறுபக்கத்தை மாணவர்கள் அழுத்தமாக மனத்திற்கொள்ள வேண்டும். சொற்களைப் பெற்ற எவரும் சாவியைப் பெற்றவரே. சாதனத்தைத் திருட வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டில் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் கசிந்தன. சுமார் 272,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் பொதுவெளிக்கு வந்தன. சாவி ஒன்றுகூடக் கசியவில்லை. ஆயினும் மோசடிக்காரர்கள் நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பினர். சிலருக்குப் போலிச் சாதனத்தையே அஞ்சலில் அனுப்பி, பழைய சொற்களை அதில் உள்ளிடுமாறு கடிதமும் இணைத்தனர். பூட்டை உடைக்க முடியாதபோது திருடர் சாவிக்காரரிடம் பேச்சுக் கொடுக்கின்றனர். எந்த நேர்மையான நிறுவனமும் மீட்புச் சொற்களைக் கேட்பதில்லை என்னும் ஒரே விதியை நினைவிற்கொண்டால் இவ்வகை மோசடிகள் பலவும் வாசலிலேயே நின்றுவிடும்.

சொற்களை நாமே தேர்ந்துகொள்ளலாகாதா என்று மாணவர் கேட்கக்கூடும். மறவாதிருக்கத் திருக்குறள் ஒன்றையே சாவியாக்கினால் என்ன என்றும் தமிழ் மாணவருக்குத் தோன்றலாம். கணக்கைப் பார்ப்போம். குறட்பாக்கள் 1,330. கணினி 1,330 முறை முயன்றால் வேலை முடிந்தது. அதற்கு ஒரு நொடியும் தேவையில்லை. தற்செயலாகத் தேர்ந்த 12 சொற்களுக்கு வாய்ப்புகளின் எண்ணிக்கை 39 இலக்க எண்ணாக அமைகிறது. மனித மனம் தேர்வது பிற மனிதரால் ஊகிக்கத்தக்கதாக இருக்கிறது. அதனாலேயே இவ்விடத்தில் தேர்வை எந்திரத்தின் தற்செயலுக்கு விட்டுவிடுகிறோம்.

ஒன்றோடொன்று மோதும் இரண்டு அச்சங்கள்

சொற்களை எங்கே எழுதிவைப்பது என்ற கேள்வி எழும்போதுதான் இப்பொருளின் உண்மையான இடர்ப்பாடு விளங்குகிறது. சாவி வைத்திருப்போருக்கு இரண்டு அச்சங்கள் உண்டு: திருட்டு, மறதி. ஒன்றைத் தவிர்க்கச் செய்யும் முயற்சி மற்றொன்றை வளர்க்கிறது. மறதிக்கு அஞ்சி ஐந்து தாள்களில் எழுதி ஐந்து இடங்களில் வைத்தால், திருடர் நுழைய ஐந்து வாயில்கள் உண்டாகின்றன. திருட்டுக்கு அஞ்சி ஒரே தாளை யாருமறியாத இடத்தில் வைத்தால், ஒரு வெள்ளமோ தீயோ மரணமோ எல்லாவற்றையும் முடித்துவிடும்.

சிறந்த பணப்பை எது என்று பொதுப்பட விடை கூற முடியாமைக்குக் காரணம் இதுவே. வீடு மாறும்போதெல்லாம் தாள்களைத் தவறவிடும் இயல்புடையவருக்கு மறதியே பெரும் பகை. அவருக்கு முறையாகப் பதிவுபெற்ற நிறுவனம் சாவியை வைத்திருப்பது மேலாக அமையலாம். பலர் வந்துபோகும் வீட்டில் வாழ்பவருக்குத் திருட்டே பெரும் பகை. தம் இயல்பை அறிந்துகொள்வதே இத்தேர்வின் முதற்படி.

சொற்களைப் படமெடுத்துக் கைத்தொலைபேசியில் வைப்பது இரண்டு அச்சங்களையும் தீர்ப்பதுபோல் தோன்றும். உண்மையில் அப்படம் பெரும்பாலும் தானாகவே மேகச் சேமிப்பகத்திற்குச் சென்றுவிடுகிறது. இணையத்தைத் தொடாமல் காத்த சாவி இணையத்திற்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. தாளும் பேனாவுமே நல்ல கருவிகள். தீயையும் நீரையும் தாங்க வேண்டுமாயின் உலோகத் தகட்டில் பொறித்துவைப்போரும் உளர்.

பல சாவிப் பூட்டு

இவ்விரண்டு அச்சங்களையும் ஓரளவு ஒருங்கே தணிக்கும் முறை ஒன்று உண்டு. அது நமக்குப் புதிதன்று. பல கோயில்களில் உண்டியலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பூட்டுகள் இருக்கும். சாவிகள் வெவ்வேறு பொறுப்பாளரிடம் இருக்கும். அனைவரும் கூடினாலன்றி உண்டியல் திறவாது. மறைநாணயத்தில் இதனைப் பல்கையொப்ப முறை என்கிறோம். இதில் இன்னொரு நெகிழ்வும் உண்டு. மூன்று சாவிகளை உண்டாக்கி, எவையேனும் இரண்டு சேர்ந்தால் போதும் என்று வகுத்துக்கொள்ளலாம். ஒரு சாவி தொலைந்தாலும் பணம் கிட்டும். ஒரு சாவி திருடப்பட்டாலும் பணம் போகாது. சங்கங்களுக்கும் குடும்பங்களுக்கும் இது ஏற்றது. ஆனால் அமைப்பதும் பேணுவதும் எளிதன்று. சாவி வைத்திருப்போர் அனைவரும் முறையை விளங்கியிருக்க வேண்டும்.

இதுவும் முழுக்காப்பு ஆகாது. 2025 பிப்ரவரி 21ஆம் நாள் பைபிட் என்னும் பரிமாற்ற நிறுவனம் ஏறத்தாழ 1.5 பில்லியன் அமெரிக்க டாலர் மதிப்புள்ள ஈதரை இழந்தது. அது இணையத்தைத் தொடாத சாவிகளைக் கொண்டது. பல்கையொப்ப முறையில் அமைந்தது. கையொப்பமிட்டோரின் திரையில் வழக்கமான பரிமாற்றம் ஒன்றே தெரிந்தது. திரைக்குப் பின்னால் வேறொன்றுக்கு அவர்கள் கையொப்பமிட்டனர். சாவிகள் திருடப்படவில்லை; சாவிக்காரர்களே கதவைத் திறந்துவிட்டனர். எதற்குக் கையொப்பமிடுகிறோம் என்பதைப் படித்துணராமல் கையொப்பமிடலாகாது என்று பத்திரங்களைப் பற்றி நம் பெரியோர் சொல்லிவந்த அறிவுரை, மின்னிலக்கக் கையொப்பத்திற்கும் மாறாமல் பொருந்துகிறது.

எவருக்கு எது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து, தேர்வு செய்வோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளாக வகுத்துக்கொள்ளலாம்.

தொகை எவ்வளவு? இழந்தாலும் வாழ்வு தடுமாறாத சிறு தொகையென்றால், பதிவுபெற்ற நிறுவனத்தின் கணக்கோ கைத்தொலைபேசிச் செயலியோ போதும். பல மாதச் சேமிப்புக்கு ஈடான தொகையென்றால் வன்பொருள் சாதனம் வேண்டும்.

எத்தனை முறை எடுப்போம்? அடிக்கடி எடுப்பது இணையத்தோடு இணைந்த கருவியில் இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் தொடாதது அங்கே இருக்கலாகாது. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. சில்லறைக்கு ஒரு பை, சேமிப்புக்கு ஒரு பெட்டி என்று வைப்பது நம் வீடுகளில் உள்ள பழக்கமே.

மீட்டுப் பார்த்தோமா? சொற்களை எழுதிவைத்ததோடு பலர் நின்றுவிடுகின்றனர். சிறு தொகையை மட்டும் அனுப்பி, சாதனத்தை அழித்து, எழுதிய சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்த்த பிறகே பெருந்தொகையை அனுப்ப வேண்டும். ஓர் எழுத்துப் பிழையைச் சிறு தொகையின்போதே கண்டுகொள்வது நலம்.

நமக்குப் பின் யார்? வங்கிக் கணக்கென்றால் வாரிசுகள் இறப்புச் சான்றிதழோடும் நீதிமன்ற ஆணையோடும் வங்கியை அணுகலாம். சாவி நம் கையில் இருக்கும் நாணயத்திற்கு அணுகத்தக்க வங்கி இல்லை. மீட்புச் சொற்களை உயிலில் எழுதுவது தவறு. உயில் பலர் கண்ணில் படும் ஆவணம். சொற்கள் எங்கே உள்ளன, எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதை நம்பிக்கைக்குரிய ஒருவர் அறிந்திருக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஏமாந்துவிட்டோம் என்று ஐயுற்றவர்கள் வெட்கத்தால் காலந்தாழ்த்தலாகாது. சிங்கப்பூரில் 1799, மலேசியாவில் 997 ஆகிய மோசடித் தடுப்பு எண்களை உடனே அழைக்க வேண்டும். அனுப்பிய நாணயத்தைத் திருப்ப இயலாமற்போனாலும், எஞ்சியிருப்பதைக் காக்க அது உதவும். 'இழந்ததை மீட்டுத் தருகிறோம்' என்று கட்டணம் கேட்டு வருவோர் பெரும்பாலும் இரண்டாம் மோசடிக்காரரே.

தமிழில் எழுத வேண்டிய பட்டியல்

மொழி குறித்து ஒன்று கூறி நிறைவு செய்வோம். மேற்சொன்ன பொது முறையில் ஆங்கிலம், ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், பிரெஞ்சு, இத்தாலியம், செக், போர்த்துகீசியம் ஆகியவற்றுக்கும் சீனத்தின் இருவகை எழுத்துக்கும் சொற்பட்டியல்கள் உள்ளன. தமிழுக்கு இல்லை. ஆகவே ஆங்கிலம் அறியாத நம் மூத்தோர் ஒருவர், ஆங்கிலச் சொற்களைக் காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்க நேரலாம். ஆங்கிலப் பட்டியலில் இருக்கையைக் குறிக்கும் சொல்லும் விதையைக் குறிக்கும் சொல்லும் உள்ளன. தமிழ் எழுத்தில் இரண்டுமே 'சீட்' ஆகிவிடும். சில ஆண்டுகள் கழித்து அத்தாளை எடுப்பவர் எதை உள்ளிடுவார்?

தமிழில் அத்தகைய பட்டியல் ஒன்றை உருவாக்குவது எளிய செயலன்று; ஆயினும் மொழி மாணவர்க்கு ஏற்ற நல்ல பயிற்சி. 2,048 சொற்கள் வேண்டும். அவை அனைவரும் அறிந்தனவாக இருக்க வேண்டும். ஒன்றையொன்று ஒத்திருக்கலாகாது. 'வலை', 'வளை' போன்ற இணைகளுள் ஒன்றை விலக்க வேண்டும். 'மனம்', 'மணம்' இரண்டும் சேர்ந்து இடம்பெறலாகாது. 'கொ' என்னும் எழுத்தைக் கணினியில் இருவேறு குறியீட்டு வரிசைகளால் எழுத முடியும் என்பதையும் கணக்கிற்கொள்ள வேண்டும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாகலாம். எழுத்துப்பிழை மதிப்பெண்ணை மட்டும் குறைக்கும் என்று எண்ணியிருந்த மாணவருக்கு, ஒரு லகர ளகர வேறுபாடு பெட்டகத்தையே மூடிவிடக்கூடும் என்பது புதிய செய்தியாக அமையும்.

கலைச்சொல்லைப் பொறுத்தவரை, 'பணப்பை' என்னும் வழக்கை இனி மாற்றுவது அரிதாகலாம். விளக்கும்போதேனும் 'சாவிக்கொத்து' என்று சொல்லிப் பார்ப்போம். 'ஹாட் வாலட்', 'கோல்ட் வாலட்' என்பவற்றைச் சூடு, குளிர் என்று பெயர்ப்பதைக் காட்டிலும் 'இணைந்த சாவி', 'இணையாச் சாவி' என்றால் மாணவருக்கு உடனே விளங்கும்.

வகுப்பில் செய்யத்தக்க சிறு பயிற்சி ஒன்று உண்டு. பன்னிரண்டு எளிய சொற்களை ஒரு தாளில் எழுதி மாணவரிடம் தருவோம். 'இதை இழந்தால் உங்கள் குடும்பத்தின் பத்தாண்டுச் சேமிப்பு போய்விடும். இதை வேறொருவர் பார்த்தாலும் போய்விடும். எங்கே வைப்பீர்கள்?' என்று கேட்போம். ஒவ்வொரு விடையையும் திருட்டு, தீ, மறதி, மரணம் என்னும் நான்கு நிலைகளில் நிறுத்தி வகுப்பே சோதித்துப் பார்க்கட்டும். அச்சோதனையின் முடிவில் மாணவர் எந்தச் செயலியின் பெயரையும் கற்றிருக்க மாட்டார். ஆனால் பணப்பையைத் தேர்வது எப்படி என்பதைக் கற்றிருப்பார்.